நீரிழிவு உள்ள பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஏற்படும் பார்வை மாற்றங்கள்

கருவுறுவதற்கு முன்பே நீரிழிவு நோய் உள்ள பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் விழித்திரை பாதிப்பு புதிதாகத் தோன்றலாம். ஏற்கெனவே உள்ள பாதிப்பு விரைந்து முற்றவும் செய்யலாம். இம்மாற்றம் தொடக்க நிலையில் வலியையோ பார்வைக் குறைவையோ ஏற்படுத்துவதில்லை. ஆகவே, பார்வை தெளிவாக இருப்பதை வைத்து மட்டும் கண் நலமாக இருக்கிறது என்று முடிவு செய்ய இயலாது. உரிய காலத்தில் பரிசோதனை செய்துகொண்டால், பெரும்பாலான பெண்களின் பார்வையைப் பாதுகாக்க முடியும்.

முக்கியக் குறிப்புகள்

- கருவுறும் முன்பே நீரிழிவு இருந்தால், கர்ப்பம் உறுதியானவுடன் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.
- பிரசவத்திற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.
- விழித்திரைப் பரிசோதனையும் லேசர் சிகிச்சையும் கர்ப்ப காலத்தில் பாதுகாப்பானவை.
- 20 வாரங்களுக்குப் பிறகு பார்வை மங்கலுடன் கடுமையான தலைவலி இருந்தால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

யாருக்கு இந்த ஆபத்து உண்டு?

கர்ப்பிணிகளிடம் காணப்படும் நீரிழிவு இரு வகைப்படும். கருவுறுவதற்கு முன்பே இருந்துவரும் முதல் வகை அல்லது இரண்டாம் வகை நீரிழிவு ஒன்று. கர்ப்ப காலத்தில் புதிதாகத் தோன்றும் கர்ப்பகால நீரிழிவு மற்றொன்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்வது அவசியம்; ஏனெனில் கண் பரிசோதனை குறித்த அறிவுரை இதைப் பொறுத்தே அமைகிறது.

விழித்திரை பாதிப்பு உருவாவதற்குப் பொதுவாகச் சில ஆண்டுகள் ஆகும். கர்ப்பத்தின் நடுப்பகுதியில் தொடங்கிப் பிரசவத்துடன் நீங்கும் கர்ப்பகால நீரிழிவு, வழக்கமாக விழித்திரையைப் பாதிப்பதில்லை. எனவே அத்தகைய பெண்கள் அனைவருக்கும் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம் அன்று. ஆனால் முதல் மூன்று மாதங்களிலேயே சர்க்கரை அளவு மிக அதிகமாக இருந்தால், நீண்டகாலமாகக் கண்டறியப்படாமல் இருந்த இரண்டாம் வகை நீரிழிவாக அது இருக்கக்கூடும். அவ்வாறு மருத்துவர் கருதினால் விழித்திரைப் பரிசோதனையையும் செய்துகொள்ள வேண்டும்.

கீழ்க்கண்ட நிலைகளில் ஆபத்து அதிகமாகிறது:

- நீரிழிவு பல ஆண்டுகளாக இருத்தல்
- கருவுறும் வேளையிலேயே விழித்திரை பாதிப்பு இருத்தல்
- கர்ப்பத் தொடக்கத்தில் சர்க்கரை கட்டுப்பாடின்றி இருத்தல்
- உயர் இரத்த அழுத்தம்
- சிறுநீரகப் பாதிப்பு
- இரத்தசோகை

இவற்றுள் கருவுறும் வேளையில் விழித்திரை எந்த நிலையில் இருந்தது என்பது மிகவும் முக்கியமானது. முதல் வகை நீரிழிவு உள்ள கர்ப்பிணிகளிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1995-இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. தொடக்கத்தில் விழித்திரை பாதிப்பு இல்லாதவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே கர்ப்ப காலத்தில் பாதிப்பு உண்டாயிற்று. நடுத்தர நிலை அல்லது அதற்கு மேற்பட்ட பாதிப்பு இருந்தவர்களிலோ பாதிக்குச் சற்று அதிகமானோருக்கு நோய் முற்றியது.

கர்ப்ப காலத்தில் விழித்திரை ஏன் பாதிக்கப்படுகிறது?

விழித்திரை என்பது கண்ணின் பின்புறத்தில் அமைந்துள்ள, ஒளியை உணரும் மெல்லிய படலம். பேச்சுவழக்கில் இதனைக் 'கண் நரம்பு' என்றும் கூறுவர். இப்படலத்திற்கு மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் குருதியைக் கொண்டு சேர்க்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை நீண்டகாலம் மிகுந்திருக்கும்போது இக்குழாய்களின் சுவர்கள் நலிவடைகின்றன. அவற்றிலிருந்து நீரும் குருதியும் கசிகின்றன. சில குழாய்கள் அடைபட்டுப் போவதால் விழித்திரையின் சில பகுதிகளுக்குப் போதிய உயிர்வளி கிடைப்பதில்லை. அதனை ஈடுசெய்யும் வகையில் புதிய குழாய்கள் முளைக்கின்றன. ஆனால் இவை வலுவற்றவை; எளிதில் உடைந்து கண்ணுக்குள் இரத்தக் கசிவை ஏற்படுத்துபவை.

கர்ப்ப காலத்தில் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. இயக்குநீர்களின் அளவும் மாறுகிறது. இவை ஏற்கெனவே நலிந்துள்ள நுண்குழாய்களுக்கு மேலும் சுமையாகின்றன. இரத்த அழுத்தமும் உயர்ந்தால் கசிவு அதிகமாகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை அளவு, கர்ப்பம் தெரிந்த பின் தொடங்கும் தீவிரச் சிகிச்சையால் சில வாரங்களிலேயே வேகமாகக் குறையும்போது, விழித்திரை பாதிப்பு தற்காலிகமாக அதிகரிக்கக்கூடும். இதை அறிந்து அச்சமுற்று இன்சுலினைக் குறைப்பதோ நிறுத்துவதோ கூடாது. உயர்ந்த சர்க்கரை கருவிலுள்ள குழந்தைக்கும் தாய்க்கும் ஏற்படுத்தும் தீங்கு மிகப் பெரியது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் வேளையில் விழித்திரையையும் கண்காணித்து வருவதே இதற்கான முறையான வழி.

பார்வையில் காணப்படும் மாற்றங்களும் அவற்றின் காரணங்களும்

கர்ப்ப காலத்தில் ஏற்படும் பார்வை மங்கல் அனைத்தும் விழித்திரை நோயால் வருவதன்று. காரணத்தைப் பொறுத்து அதன் அவசரத் தன்மையும் மாறுபடும்.

*சர்க்கரை ஏற்ற இறக்கத்தால் வரும் மங்கல்:* சர்க்கரை அளவு மாறும்போது கண்ணின் வில்லையில் நீர்ச்சத்து மாறி, அதன் குவிக்கும் திறன் வேறுபடுகிறது. இன்சுலின் தொடங்கிய முதல் சில வாரங்களில் இவ்வாறு நேர்வது உண்டு. சர்க்கரை நிலைப்பட்டதும் பார்வையும் சீரடையும்.

*கர்ப்பத்தின் இயல்பான மாற்றம்:* கர்ப்ப காலத்தில் கருவிழியின் தடிமன் சிறிது கூடலாம். கண்களில் வறட்சி தோன்றலாம். பழைய கண்ணாடி பொருந்தாதது போலவும், கண்ணில் அணியும் லென்ஸ் உறுத்துவது போலவும் தோன்றும். பிரசவத்திற்குப் பின் சில வாரங்களில் இவை பெரும்பாலும் மறைந்துவிடும். ஆகவே தேவை மிகுதியாக இருந்தாலன்றி, இக்காலத்தில் புதிய கண்ணாடி வாங்குவதைத் தள்ளிப்போடலாம். கண் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

*தாழ்சர்க்கரை:* இன்சுலின் செலுத்திக்கொள்பவர்களுக்குச் சர்க்கரை அளவு 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இறங்கினால் பார்வை திடீரென மங்கலாம். உடன் வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி ஆகியவையும் தோன்றும். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடங்களில் மீண்டும் அளந்து பார்த்து, அளவு உயரவில்லையெனில் மறுபடியும் குடிக்க வேண்டும்.

*நீரிழிவு விழித்திரை நோய்:* கண் முன்னே கரும்புள்ளிகள் அல்லது நூலிழைகள் மிதப்பது போன்ற தோற்றம், எழுத்துகள் வளைந்து தெரிதல், பார்வையின் நடுவே மறைப்பு, ஒரு பகுதியில் திரை விழுந்தது போன்ற உணர்வு ஆகியவை முற்றிய நிலையின் அறிகுறிகள். தொடக்க நிலையில் எந்த அறிகுறியும் இராது.

*முன்சூல்வலிப்பு:* கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உயர்ந்து, சிறுநீரில் புரதம் வெளியேறுதல் அல்லது உள்ளுறுப்புகள் பாதிக்கப்படுதல் இதன் இயல்பு. நீரிழிவு உள்ள பெண்களுக்கு இது நேரும் வாய்ப்பு அதிகம். பார்வை மங்கல், கண்ணில் ஒளிக்கீற்றுகள் பளிச்சிடுதல், இரட்டைப் பார்வை ஆகியவை தோன்றலாம். இது தாய், சேய் இருவரின் உயிருக்கும் ஆபத்தானது.

பரிசோதனை எப்போது செய்துகொள்ள வேண்டும்?

கருவுறும் முன்பே நீரிழிவு உள்ள பெண்களுக்கான பொதுவான கால அட்டவணை:

- கருத்தரிக்கத் திட்டமிடும்போது
- கர்ப்பம் உறுதியானதும், முதல் மூன்று மாதங்களுக்குள்
- முதல் பரிசோதனையில் பாதிப்பு காணப்பட்டிருந்தால், 16 முதல் 20 வாரங்களுக்குள்
- பாதிப்பு இருப்பினும் இல்லாவிடினும், ஏறத்தாழ 28-ஆம் வாரத்தில்
- பிரசவத்திற்குப் பின், மருத்துவர் கூறும் இடைவெளியில் ஓராண்டு வரை

பாதிப்பின் தன்மைக்கேற்ப இன்னும் குறுகிய இடைவெளியில் வருமாறு கண் மருத்துவர் கூறலாம்.

நம் குடும்பங்களில் தலைப்பிரசவத்திற்காக ஏழாம் அல்லது ஒன்பதாம் மாத வளைகாப்புக்குப் பின் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். 28-ஆம் வாரப் பரிசோதனையும் ஏறத்தாழ இதே காலத்தில் வருகிறது. ஊரும் மருத்துவமனையும் மாறுவதால் இப்பரிசோதனை விடுபட்டுப் போக வாய்ப்பு உண்டு. எனவே ஊர் மாறுவதற்கு முன்பே பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள். அல்லது செல்லும் ஊரில் எங்கே செய்துகொள்வது என்பதை முன்னரே கேட்டறியுங்கள். தாய் சேய் நல அட்டையுடன் கண் மருத்துவரின் குறிப்பு, விழித்திரைப் படம், சர்க்கரை அளவுக் குறிப்பேடு ஆகியவற்றையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

பரிசோதனை எவ்வாறு நடைபெறும்?

முதலில் பார்வைத் திறன் அளக்கப்படும். பின்னர், கண்மணி விரிவதற்காகச் சொட்டு மருந்து இடப்படும். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் கண்மணி விரிந்ததும், மருத்துவர் ஒளிக்கருவியின் வழியாக விழித்திரையை ஆராய்வார். அல்லது சிறப்புக் கேமரா மூலம் படம் எடுக்கப்படும். விழித்திரையின் மையப்பகுதியில் வீக்கம் உள்ளதா என்பதை அறிய ஒளிக்கதிர் அலகீடு செய்யப்படலாம். இதில் எக்ஸ்-கதிர் பயன்படுத்தப்படுவதில்லை, குழந்தைக்குத் தீங்கில்லை.

சொட்டு மருந்து இட்ட பின் சில மணி நேரம் அருகிலுள்ளவை மங்கலாகத் தெரியும். வெளிச்சத்தில் கண் கூசும். அதுவரை வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது. பரிசோதனைக்காக உணவைத் தவிர்க்க வேண்டியதில்லை. இன்சுலினையும் உணவையும் வழக்கமான நேரத்தில் எடுத்துக்கொண்டு, கையில் சிற்றுண்டியும் வைத்திருங்கள். நீங்கள் கர்ப்பிணி என்பதையும் எத்தனையாவது வாரம் என்பதையும் தொடக்கத்திலேயே தெரிவியுங்கள். இரத்த நாளத்தில் சாய ஊசி செலுத்தி எடுக்கும் விழித்திரைப் படம் கர்ப்ப காலத்தில் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

சிகிச்சை முறைகள்

லேசான பாதிப்பு மட்டும் இருந்தால் கண்ணுக்கெனத் தனிச் சிகிச்சை தேவைப்படாது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தசோகை ஆகியவற்றைச் சீராக்கித் தொடர்ந்து கண்காணிப்பதே போதுமானது. கர்ப்ப காலத்தில் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் சர்க்கரை அளவுகள்:

- வெறும் வயிற்றில்: 95 மி.கி./டெ.லி.க்குக் கீழ்
- உணவு உண்டு 1 மணி நேரத்தில்: 140 மி.கி./டெ.லி.க்குக் கீழ்
- உணவு உண்டு 2 மணி நேரத்தில்: 120 மி.கி./டெ.லி.க்குக் கீழ்

தாழ்சர்க்கரை அடிக்கடி வருபவர்களுக்கு மருத்துவர் வேறு இலக்கு வகுக்கக்கூடும்.

புதிய இரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால் லேசர் சிகிச்சை அளிக்கப்படும். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்திட்டு, வெளிநோயாளியாகவே இதனைச் செய்துகொள்ளலாம். கருவிலுள்ள குழந்தையை இது பாதிப்பதில்லை. பிரசவம் வரை காத்திருப்பதால் பார்வை நிரந்தரமாக இழக்கப்படலாம். எனவே மருத்துவர் லேசர் தேவை என்று கூறினால் தாமதிக்கக் கூடாது.

விழித்திரையின் மையப்பகுதி வீக்கத்திற்குப் பிற காலங்களில் கண்ணுக்குள் செலுத்தப்படும் ஊசி மருந்துகள் சில, கருவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால் கர்ப்ப காலத்தில் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன. இவ்வீக்கம் பிரசவத்திற்குப் பின் தானாகவே குறைவதும் உண்டு. பார்வைக்கு உடனடி ஆபத்து இருப்பின், மாற்றுச் சிகிச்சை குறித்துக் கண் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் கலந்து முடிவு செய்வர். அண்மையில் கண்ணில் ஊசி போட்டுக்கொண்டவர்கள், கருவுற்றது தெரிந்தவுடன் கண் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

பிரசவமும் அதற்குப் பின்னரும்

விழித்திரை பாதிப்பு இருப்பது மட்டும் அறுவைப் பிரசவத்திற்குக் காரணமாகாது. பெரும்பாலான பெண்கள் இயல்பான முறையில் பிரசவிக்கலாம். சிகிச்சை பெறாத, முற்றிய பாதிப்பு இருந்தால் மட்டும் பிரசவ முறை குறித்து முன்கூட்டியே இரு மருத்துவர்களிடமும் கலந்து பேச வேண்டும்.

கர்ப்ப காலத்தில் அதிகரித்த பாதிப்பு, பிரசவத்திற்குப் பிந்தைய மாதங்களில் பலருக்குக் குறைகிறது. சிலருக்குக் குறையாமல் தொடர்கிறது. யாருக்குக் குறையும் என்பதைப் பரிசோதனையால் மட்டுமே அறிய முடியும். குழந்தையைப் பேணும் அலைச்சலில் தாயின் கண் பரிசோதனை மறக்கப்படுவது இயல்பாகிவிட்டது. குழந்தையின் தடுப்பூசி நாட்களுடன் சேர்த்துத் தாயின் பரிசோதனை நாளையும் அட்டையில் குறித்துக்கொள்வது உதவும்.

குழந்தை பிறந்தவுடன் இன்சுலின் தேவை வெகுவாகக் குறையும். அளவை மருத்துவர் மாற்றியமைப்பார். பாலூட்டும் தாய்மார்களுக்குத் தாழ்சர்க்கரை வரக்கூடும் என்பதால், பாலூட்டும் முன்போ பாலூட்டும்போதோ சிற்றுண்டி எடுத்துக்கொள்வது நல்லது.

கர்ப்பகால நீரிழிவு இருந்தவர்கள், பிரசவமாகி ஆறு வாரங்கள் கழித்து 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதில் நீரிழிவு உறுதியானால், அப்போது விழித்திரைப் பரிசோதனையும் அவசியமாகிறது.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

- பார்வை மங்கலுடன் கடுமையான தலைவலி, மேல்வயிற்று வலி, வாந்தி, முகம் அல்லது கைகளில் திடீர் வீக்கம்
- கண்ணில் ஒளிக்கீற்றுகள் பளிச்சிடுதல்
- திடீரென ஒரு கண்ணிலோ இரு கண்களிலோ பார்வை இழப்பு
- கரும்புள்ளிகள் திடீரென மிகுதல் அல்லது திரை விழுந்தது போன்ற மறைப்பு
- வலிப்பு அல்லது சுயநினைவு மங்குதல்

முதலில் கூறப்பட்ட அறிகுறிகள் பிரசவத்திற்குப் பின் ஆறு வாரங்கள் வரையிலும் தோன்றக்கூடும். அவசர ஊர்திக்கு 108-ஐ அழையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணில் தொடர்பு கொள்ளலாம்.

கருவுறத் திட்டமிடும் பெண்களுக்கு

பார்வையைப் பாதுகாப்பதற்கு மிகச் சிறந்த காலம் கருவுறுவதற்கு முந்தைய காலமே. விழித்திரையைப் பரிசோதித்து, தேவைப்படும் சிகிச்சையை அப்போதே முடித்துக்கொள்ளலாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை 6.5 விழுக்காட்டிற்குக் கீழே படிப்படியாகக் கொண்டுவந்தால், கர்ப்பத் தொடக்கத்தில் சர்க்கரையை அவசரமாகக் குறைக்க வேண்டிய நிலை ஏற்படாது. இரத்த அழுத்தத்திற்கும் கொழுப்புக்கும் உட்கொள்ளும் மாத்திரைகளில் சில கருவுக்கு ஏற்றவை அல்ல. அவற்றை மருத்துவரின் அறிவுரைப்படி முன்னதாகவே மாற்ற வேண்டும். அதுவரை கருத்தடை முறையைப் பின்பற்றுவது நல்லது.

குடும்பத்தினர் கவனத்திற்கு

பார்வை மங்குவதாகக் கர்ப்பிணி கூறினால், மசக்கை என்றோ சத்துக் குறைவு என்றோ கருதி விட்டுவிடாதீர்கள். முதலில் சர்க்கரையை அளந்து பாருங்கள். இரத்த அழுத்தத்தையும் அன்றே அளக்கச் செய்யுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பூச்சாறு போன்றவற்றைக் கண்ணில் விட வேண்டாம். இவை விழித்திரையைச் சென்றடைவதில்லை; கண்ணில் தொற்றை உண்டாக்கக்கூடும். இன்சுலின் குழந்தைக்குத் தீங்கு செய்யும் என்ற எண்ணம் தவறானது. பார்வை தெளிவற்றிருக்கும் நாட்களில் இன்சுலின் அளவைச் சரிபார்த்து ஏற்றித் தருவதும், பரிசோதனைக்கு உடன் செல்வதும் நீங்கள் செய்யக்கூடிய பேருதவி.

அடிக்கடி எழும் கேள்விகள்

*எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. பரிசோதனை தேவையா?*
தேவை. சிகிச்சையால் அதிகப் பயன் கிடைக்கும் நிலையில் விழித்திரை நோய் பெரும்பாலும் அறிகுறியின்றியே இருக்கும்.

*கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து குழந்தையைப் பாதிக்குமா?*
பரிசோதனைக்காக ஓரிரு முறை இடப்படும் மருந்தால் பாதிப்பு ஏற்படுவதாகக் கருதப்படுவதில்லை. மருந்து இட்டதும் மூக்கை ஒட்டிய கண்ணின் உள்முனையை விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டால், உடலில் கலக்கும் அளவு இன்னும் குறையும்.

*விழித்திரை பாதிப்பு இருந்தால் குழந்தை பெற்றுக்கொள்ளக் கூடாதா?*
அவ்வாறு இல்லை. முதல் வகை நீரிழிவு உள்ள பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், கருவுற்றவர்களுக்கும் கருவுறாதவர்களுக்கும் நீண்டகால விழித்திரை பாதிப்பில் வேறுபாடு காணப்படவில்லை. முற்றிய பாதிப்பு உள்ளவர்கள் சிகிச்சையை முடித்து, நோய் நிலைப்பட்ட பின் கருவுறுவது பாதுகாப்பானது.

*எங்கே பரிசோதனை செய்துகொள்ளலாம்?*
அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர் அல்லது கிராம சுகாதாரச் செவிலியரை அணுகுங்கள். கண் மருத்துவப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கு அவர்கள் பரிந்துரைப்பர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், சென்னை எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனையிலும் விழித்திரை நோய்க்கான சிகிச்சை அளிக்கப்படுகிறது.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்கள் மருந்துகளையோ இன்சுலின் அளவையோ மாற்றுவதற்கு முன் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுங்கள்.